வெள்ளித்திரை வீரனும் பிந்துனுவெவச் சாம்பலும்

தீபாவளி நெருங்கிவிட்டால் ஊவாத் தோட்டங்களில் இரண்டு காரியங்கள் தவறாமல் நடைபெறும். தோட்டக் கந்தோரில் முற்பணம் கொடுபடும். பிள்ளைக்குச் சட்டையும் வீட்டுக்கு எண்ணெயும் வாங்கியது போக, அம்முற்பணத்தில் ஒரு பங்கு சென்னையிலிருந்து வந்திறங்கும் புதுப்படத்துக்குப் போய்ச் சேரும். நகரத்துப் படமாளிகைக்கு வர வசதியற்றவன் லயத்துக் காம்பிராவில் இருந்தபடியே கைத்தொலைபேசியில் அதைப் பார்த்து முடிப்பான். இதை நாம் குற்றமாகக் கூறவில்லை. ஆண்டு முழுவதும் பனியிலும் மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று கொழுந்து பறித்த மக்களுக்கு மூன்று மணி நேரம் களித்திருக்க உரிமை உண்டு. படம் பார்ப்போர் மீது எமக்கு வழக்கில்லை. அவர்களை எதற்குக் கைதட்ட வைக்கிறார்கள் என்பதே எமது வழக்கு.

2012-ஆம் ஆண்டின் தீபாவளி நவம்பர் 13-ஆம் நாள் வந்தது. அன்று வெளியான படம் ‘துப்பாக்கி’. முருகதாசு இயக்கம், விசய் கதாநாயகன். விடுமுறையில் பம்பாய்க்கு வந்த படைவீரன் ஒருவன், தன் தோழர் பதினொருவரைச் சேர்த்துக்கொண்டு, நகரில் மறைந்துறையும் பயங்கரவாதிகள் என்று தான் முடிவு செய்த பன்னிருவரை ஒரே வேளையில் சுட்டுக் கொல்கிறான். பிடிபட்ட ஒருவனைப் பொலிசாரிடம் ஒப்படைக்காமல் தன் வீட்டு அலுமாரிக்குள் அடைத்து வைத்து வதைக்கிறான். அக்காட்சிகளுக்கெல்லாம் கொட்டகை அதிர்ந்தது. எமது மலைநாட்டு இளைஞரும் விசிலடித்தனர்.

நாம் ஒன்று கேட்கிறோம். சுடப்பட்ட அந்தப் பன்னிருவரின் பெயரென்ன? ஊர் எது? தாய் தந்தை யார்? படம் பார்த்தவருள் எத்தனை பேர் விடை கூறுவர்? கூற இயலாது, ஏனெனில் படமே அதைச் சொல்லவில்லை. அவர்கள் முகம் நன்றாகத் தெரியுமுன்பே பின்னணி இசை வந்து ‘இவர்கள் கொல்லத்தக்கவர்கள்’ என்று தீர்ப்பளித்துவிடுகிறது. குற்றம் சாட்டுபவன், விசாரிப்பவன், தண்டிப்பவன் ஆகிய மூவரும் ஒருவனாகி நிற்க, அந்த ஒருவனுக்கு நாட்டுப்பற்று என்று பெயரிடப்படுகிறது. இந்திய முசுலிம் அமைப்புகள் அன்று கண்டனம் எழுப்பின. படக்குழுவினர் வருத்தமும் தெரிவித்தனர். ஆனால் வசூல் குறையவில்லை. குறையாத வசூலைக் கண்டு அதே அச்சில் அடுத்தடுத்துப் படங்கள் வார்க்கப்பட்டன.

பம்பாய்க் கதைக்கும் பதுளைக்கும் என்ன தொடர்பு என்று வாசக அன்பர்கள் வினவலாம். தொடர்பைக் காட்டத்தான் இதை எழுதுகிறோம்.

பண்டாரவளையை அடுத்த பிந்துனுவெவையை இவ்வட்டாரத்தார் அறிவர். அங்கே அரசாங்கம் நடத்திய புனர்வாழ்வு முகாம் ஒன்று இருந்தது. புலிகள் இயக்கத்தில் இருந்து சரணடைந்தோரும், தொடர்புண்டு என்ற ஐயத்தில் பிடிக்கப்பட்டோருமாக 41 தமிழ் இளைஞர்கள் அதில் வைக்கப்பட்டிருந்தனர். அவர்களுள் பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளும் இருந்தனர். சிறைத் தண்டனை பெற்ற கைதிகளல்லர் அவர்கள். ‘இனி நல்வழி கற்பிப்போம்’ என்று அரசாங்கமே கைப்பிடித்து அழைத்து வந்தவர்கள். 2000-ஆம் ஆண்டு ஒக்டோபர் 25-ஆம் நாட் காலையில் பெருங்கூட்டமொன்று கத்தியோடும் பொல்லோடும் வந்து அம்முகாமைச் சூழ்ந்தது. கட்டடங்கள் கொளுத்தப்பட்டன. உள்ளே இருந்தோர் எரிந்தனர். வெளியே ஓடி வந்தோர் வெட்டப்பட்டனர். 27 பேருக்குக் குறையாமல் மாண்டனர். துப்பாக்கி ஏந்திய பொலிசார் ஏறத்தாழ 60 பேர் அவ்விடத்தில் நின்றிருந்தனர். நின்றிருந்தனர் என்பதற்கு மேல் அவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. அதைத் தொடர்ந்து மலையக நகரங்களிலும் கலகம் மூண்டு மேலும் உயிர்கள் போயின.

அந்த ஒக்டோபர் 25 தீபாவளிக்கு முதல் நாள்.

மறுநாள், பிந்துனுவெவையில் சாம்பல் ஆறாதிருந்த வேளையில், சென்னையில் வழக்கம்போல் தீபாவளிப் படங்கள் வெளியாயின. அவற்றுள் ஒன்று ‘தெனாலி’. எதைக் கண்டாலும் அஞ்சி நடுங்கும் ஓர் ஈழத் தமிழரைப் பற்றிய நகைச்சுவைப் படம் அது. கமலகாசன் நன்றாகவே நடித்திருந்தார், எம்மவரும் சிரித்தனர். படமெடுத்தவர்கள் பிந்துனுவெவையை முன்கூட்டி அறிந்திருக்க முடியாது. அவர்களைக் குறை கூறுவது நேர்மையன்று. ஆயினும் அந்த இரண்டு நாட்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் ஊவாத் தமிழனுக்குச் சிரிப்பு தொண்டையில் நின்றுவிடுகிறது.

வழக்கு என்னவாயிற்று? 2003-ஆம் ஆண்டில் மூன்று நீதிபதிகள் கொண்ட விசேட நீதிமன்று ஐவருக்கு மரண தண்டனை விதித்தது. அவர்களுள் இருவர் பொலிஸ் அதிகாரிகள். 2005-ஆம் ஆண்டு மே மாதம் முடியுமுன்பே அந்த ஐவரும் மேன்முறையீட்டில் உயர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டுவிட்டனர். இருபத்தேழு உயிர்களைக் கொன்றதற்காக இன்று தண்டனை அனுபவிப்பவர் ஒருவரும் இல்லை.

அன்று பொல்லெடுத்து வந்த கூட்டம் ‘துப்பாக்கி’யைப் பார்த்துவிட்டு வந்ததன்று, அப்படம் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வந்தது. ஆனால் அக்கூட்டத்தின் நெஞ்சில் ஓடிய கதையும் அப்படத்தின் கதையும் ஒன்றே. ‘இவன் பயங்கரவாதி. சட்டம் இவனுக்குச் சோறு போட்டு வளர்க்கிறது. நீதிமன்றம் காலங்கடத்துகிறது. நாட்டை நேசிப்பவன் தன் கையாலேயே கணக்குத் தீர்ப்பான்.’ இந்த நான்கு வாக்கியங்களைக் கொண்டுதான் எல்லாச் சண்டைப் படங்களும் எழுதப்படுகின்றன. வெள்ளித்திரையில் இதைச் செய்பவனுக்கு மாலை. பிந்துனுவெவையில் இதைச் செய்தவர்களும் மாலைக்கு உரியவர்களாகவே தங்களை எண்ணியிருப்பர். திரையில் சரி, தெருவில் தவறு என்று எந்த நூலில் எழுதியிருக்கிறது?

பழிவாங்கும் படத்தில் இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. முதலில் கதாநாயகனுக்கு வேண்டிய ஒருவரைக் கொல்வார்கள். நம் கண்ணில் நீரை வரவழைப்பார்கள். அந்த நீர் உலருமுன் நூறு பேரைக் கொல்வதற்கு நம்மிடம் அனுமதி வாங்கிவிடுவார்கள். அந்த நூறு பேருக்கும் முதற் கொலைக்கும் என்ன உறவு என்று கேட்க நமக்கு நேரம் கொடுப்பதில்லை. 1983-ஆம் ஆண்டு யூலை 23-ஆம் நாள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 படைவீரர்கள் கொல்லப்பட்டனர். நான்கு நாட்கள் கழித்து, யூலை 27-ஆம் நாள், பதுளை நகரத்தில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. தீ ஹாலிஎல, பண்டாரவளை, வெலிமடை, லுணுகலை என்று பரவியது. பதுளையில் கடை வைத்திருந்த தமிழன் திருநெல்வேலியில் கண்ணிவெடி வைத்தானா? லயத்தில் படுத்திருந்த தொழிலாளி யாழ்ப்பாணத்தைக் கண்ணாலேனும் கண்டிருந்தானா? 1948-ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிய மக்கள், எந்த நாட்டின் மீது போர் தொடுத்தார்கள் என்று கொளுத்தப்பட்டார்கள்? ஒரே மொழி பேசினார்கள், அது போதுமானதாயிருந்தது. திரைப்படத்திலும் அவ்வளவுதான். ஒரே தொப்பி, ஒரே தாடி, ஒரே தொழுகை, போதுமானதாயிருக்கிறது.

சட்டம் பயின்ற எமது வாசகர்கள் இன்னொன்றைச் சிந்திக்க வேண்டும். அலுமாரிக்குள் அடைத்து வதைத்து உண்மையை வரவழைக்கும் காட்சியைக் கண்டு மகிழ்கிறோமே, அந்த அலுமாரிக்கு இந்நாட்டுச் சட்டப் புத்தகத்தில் என்ன பெயர் என்று எண்ணிப் பார்த்தோமா? 1979-ஆம் ஆண்டின் 48-ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் அளிக்கப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்றது. அது சுயவிருப்பின்றிப் பெறப்பட்டது என்று மெய்ப்பிக்கும் சுமையைக் கைதியின் தலையில் வைத்தது. மூன்றாண்டுகளுக்கென்று தற்காலிகமாகக் கொண்டுவரப்பட்ட அச்சட்டம் 1982-இல் நிரந்தரமாக்கப்பட்டது. போர்க்காலத்தில் நள்ளிரவில் லயங்கள் சுற்றிவளைக்கப்பட்டதையும், அடையாள அட்டையில்லாத குற்றத்துக்காகப் பிள்ளைகள் ஏற்றிச் செல்லப்பட்டதையும், தலைவர்மாரின் வாசலில் தாய்மார் காத்துக் கிடந்ததையும் நாம் மறந்துவிடவில்லை. மறக்காத நாமே, திரையில் வேறொருவன் வதைபடும்போது ‘இன்னும் கொடு’ என்று கூவுகிறோம். என்ன வேடிக்கை இது!

2021-ஆம் ஆண்டில் ‘த ஃபேமிலி மேன்’ என்ற இந்தித் தொடரின் இரண்டாம் பகுதி வெளிவந்தது. அதில் ஈழப் போராளிப் பெண்ணொருத்தி தற்கொலைத் தாக்குதலுக்குப் புறப்படுகிறாள். வடநாட்டுப் பயங்கரவாதிகளோடு கைகோக்கிறாள். தமிழகம் கொதித்தது. தமிழக அரசே மத்திய அமைச்சருக்குக் கடிதம் எழுதித் தடை கோரியது. ‘எமது போராட்டத்தைக் கொச்சைப்படுத்துகிறார்கள், தமிழரெல்லாம் பயங்கரவாதிகள் என்று உலகுக்குக் காட்டுகிறார்கள்’ என்று முழங்கியோருள் நாமும் இருந்தோம். முழங்கியது சரியே. ஆனால் ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு முசுலிம் மக்கள் இதே சொற்களைத்தானே சொன்னார்கள்? அப்போது எமது காதில் விழுந்ததா? பதுளை நகரில் எமது அடுத்த கடைக்காரர் முசுலிம். எமது மரக்கறி அவரது லொறியில் ஏறுகிறது. அவருடைய மகனும் எமது மகனும் ஒரே வரிசையில் அமர்ந்து அப்படத்தைப் பார்த்திருப்பார்கள். எமது மகன் விசிலடித்தபோது அந்தப் பிள்ளை என்ன செய்திருப்பான்? அவனும் விசிலடித்திருந்தால் அது இன்னும் கொடுமை.

2024-ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு வந்த ‘அமரன்’, காசுமீரத்தில் உயிர்நீத்த மேஜர் முகுந்த் வரதராசன் என்ற தமிழ் அதிகாரியின் கதை. இறந்த வீரனுக்கு மரியாதை செய்வதை நாம் பழிக்கமாட்டோம். அவருடைய மனைவியின் துயரத்தைக் காட்டும் பகுதிகள் கல்லையும் கரைப்பவை. ஆனால் அப்படத்தின் காசுமீரத்து ஊர்களைக் கூர்ந்து பாருங்கள். கதவு உடைபடும் வீடுகளும், துப்பாக்கி முனையில் தெருவில் நிற்கும் ஆண்களும், சன்னல் வழி பார்க்கும் கிழவிகளும் யாரை நினைவூட்டுகிறார்கள்? சுற்றிவளைப்பின்போது நாம் அப்படித்தான் நின்றோம். படப்பிடிப்புக் கருவி படைவீரனின் தோளுக்குப் பின்னாலிருந்து அவர்களைப் பார்க்கிறது. நாமும் அங்கிருந்தே பார்த்துவிட்டு எழுந்து வருகிறோம்.

சிங்களத் திரைக்கு வருவோம். 1999-ஆம் ஆண்டில் அம்பாறை மாவட்டத்துக் கோணகலையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட கிராமத்து மக்கள் வெட்டிக் கொல்லப்பட்டனர். புலிகள் செய்த கொலை அது. அதை அடிப்படையாகக் கொண்டு, கடற்படை அதிகாரியாயிருந்து அரசியலுக்கு வந்த சரத் வீரசேகர 2011-இல் ‘காமினி’ என்ற படத்தை எடுத்தார். உறங்கிக் கிடந்த குழந்தைகளைக் கொன்றதைப் படமாக்கக் கூடாதென்று நாம் கூறமாட்டோம். கூறினால் எமது நாக்கு அழுகும். எமது கேள்வி வேறு. கோணகலைக்குப் படம் உண்டு, பிந்துனுவெவைக்கு எங்கே? ஓரினத்தின் பிணங்களை மட்டும் எண்ணுகிற திரை, மற்றோரினத்தின் பிணங்களை எண்ணாமலே புதைத்துவிடுகிறது.

எல்லாச் சிங்களக் கலைஞரும் அப்படியல்லர் என்பதையும் சொல்லியாக வேண்டும். பிரசன்ன விதானகே எடுத்த ‘புரஹந்த களுவர’ என்ற படத்தில், போர்முனையிலிருந்து முத்திரையிட்டு வந்த சவப்பெட்டியில் தன் மகன் இருக்கிறான் என்பதை ஒரு குருட்டுத் தந்தை நம்ப மறுக்கிறார். இறுதியில் பெட்டி திறக்கப்படுகிறது. உள்ளே மகன் இல்லை. வறுமையால் படையிற் சேர்ந்த சிங்கள விவசாயி மகனின் கதை அது. துப்பாக்கிச் சத்தமே இல்லாத அந்தப் படத்தைத் திரையிடவொட்டாமல் அரசாங்கம் 2000-ஆம் ஆண்டில் தடுத்தது. பிந்துனுவெவை எரிந்த அதே ஆண்டு! இயக்குநர் உயர் நீதிமன்றம் ஏறி வழக்காடி வென்று மறு ஆண்டில் படத்தை வெளியிட்டார். பழிவாங்கச் சொல்லும் படத்துக்கு எந்த அரசாங்கமும் இவ்வளவு அஞ்சியதில்லை.

‘பயங்கரவாதி’ என்ற முத்திரையைக் குத்துவோர் யார், அது எவ்வளவு காலம் செல்லும் என்பதற்கு ஊவா மண்ணைப் போல் பாடம் சொல்லும் மண் வேறில்லை. 1818-ஆம் ஆண்டில் ஊவா வெல்லச கிளர்ந்தெழுந்தது. கிளர்ச்சியை அடக்க ஆங்கிலேயர் அனுப்பிய திசாவை கெப்பெட்டிபொல, அவர்கள் தந்த ஆயுதங்களைத் திருப்பி அனுப்பிவிட்டு மக்களோடு சேர்ந்துகொண்டார். தேசாதிபதி பிறவுண்றிக்கின் அரசாங்கம் கிளர்ச்சித் தலைவர்கள் 19 பேரைத் துரோகிகள் என்று பிரகடனம் செய்தது. கெப்பெட்டிபொலவின் தலை கண்டியில் வெட்டப்பட்டு, மண்டையோடு ஆராய்ச்சிப் பொருளாக எடின்பரோவுக்குக் கொண்டு செல்லப்பட்டது. 1954-இல்தான் அது திரும்பி வந்தது. துரோகிகள் என்ற அந்தப் பட்டம் 2016-இல்தான் நீக்கப்பட்டது. இருநூறு ஆண்டுகள்! அன்றைக்குச் சினிமா இருந்திருக்குமாயின் பிறவுண்றிக்கின் படைத்தலைவன் கதாநாயகனாகவும், கெப்பெட்டிபொல மூன்றாவது சண்டையில் சுருண்டு விழும் வில்லனாகவும் நடமாடியிருப்பர்.

அவ்வளவு பின்னே போவானேன்? 1971-லும் 1987 முதல் 89 வரையிலும் இந்நாட்டில் பயங்கரவாதிகள் என்று கொல்லப்பட்டோர் சிங்கள இளைஞர்கள். தெருவோரங்களில் டயர் போட்டு எரிக்கப்பட்டனர். அவர்களுடைய கட்சியும் கொலைகள் செய்தது. அரசாங்கம் பதிலுக்குப் பன்மடங்கு செய்தது. அந்த ஜே.வி.பி.யின் தலைவர் அனுர குமார திசாநாயக்க 2024-ஆம் ஆண்டு செப்டெம்பரில் மக்கள் வாக்கினால் குடியரசின் தலைவரானார். முத்திரை குத்தப்பட்டவர்களைக் கண்ட இடத்தில் சுட்டுத் தீர்ப்பதே தேசபக்தி என்று திரை வீரன் கற்பிக்கும் பாடம் முழுவதும் நிறைவேறியிருந்தால், அந்த வாக்குச் சீட்டில் அப்பெயர் இருந்திராது.

‘புலிகள் செய்ததை மறைத்து எழுதுகிறீர்கள்’ என்று யாரேனும் எம்மீது பாயக்கூடும். மறைக்கவில்லை. 2008-ஆம் ஆண்டு சனவரி 16-ஆம் நாள், போர்நிறுத்த உடன்படிக்கை முடிவுற்ற அன்றே, எமது ஊவாவின் புத்தளைப் பகுதியில் கிராமத்து மக்கள் சென்ற பேருந்து குண்டுவைத்துத் தாக்கப்பட்டது. தப்பியோர் மீது சுடவும் பட்டது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். புலிகளின் செயலென்றே நாடு கொண்டது. அந்தப் பேருந்தில் இருந்தவர்களும் பிந்துனுவெவையில் இருந்தவர்களைப் போலவே பெயரும் ஊரும் தாயும் உள்ளவர்கள். கொன்றவர் தமிழர் என்பதற்காக எமது எழுதுகோல் தயங்குமானால், ‘காமினி’யைக் குறை கூறும் தகுதி எமக்கில்லை. கொலையாளியைப் பிடியுங்கள்; மன்றில் நிறுத்துங்கள்; தண்டியுங்கள். வெலிமடையில் கிழங்கு பயிரிடும் எமது அன்பர் ஒருவர் கேட்டார்: ‘பாத்தியில் நோய் கண்டால் நோய்ச் செடியைத் தேடிப் பிடுங்குகிறோம், வயலுக்கே தீ வைப்போமா?’ அவர் பள்ளியில் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான்.

‘சினிமா பொழுதுபோக்குத்தானே, மூன்று மணி நேரத்தில் மறந்துபோகும்’ என்போருக்கு விடையிறுப்பது எளிது. தமிழ்நாட்டில் சினிமாவைக் கொண்டு ஆட்சி பிடித்திருக்கிறார்கள். மலைநாட்டில் தொழிற்சங்கம் கட்டிய வி. பி. கணேசன் சினிமாவின் ஆற்றலை அறிந்தே 1975-இல் ‘புதிய காற்று’ என்ற படத்தை எடுத்துத் தோட்டத் தொழிலாளியைத் திரைக்குக் கொண்டுவந்தார். மறந்துபோகும் பொருளென்றால் ஏன் ‘புரஹந்த களுவர’வைத் தடுத்தார்கள்? ஏன் நாம் 2021-இல் முழங்கினோம்?

சண்டையும் வீரமுமின்றிப் படமெடுக்க முடியாதென்று கூறுவோர் ஊவாவின் பழைய ஏடுகளைப் புரட்டட்டும். 1940-ஆம் ஆண்டு மே மாதம், பதுளையை அடுத்த வேவெசத் தோட்டத்தில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து, தாங்களே தேர்ந்தெடுத்த தொழிலாளர் சபையொன்றை நிறுவினர். அச்சபையோடு கலந்தே காரியம் செய்வதாகத் துரை இணங்க நேர்ந்தது. ஒழுங்கை நிலைநாட்ட வந்த பொலிசாரின் ஆயுதங்களையே தொழிலாளர் பறித்துவிட்டனர். பிறகு மழையும் வெள்ளமும் வந்து தோட்டத்தை வெளியுலகிலிருந்து துண்டித்தன, அடக்குமுறையும் வந்தது. இதிலே வீரமில்லையா? விறுவிறுப்பில்லையா? கொஸ்லந்தையில் மீரியபெத்தத் தோட்டத்து லயங்களை 2014-ஆம் ஆண்டு ஒக்டோபர் 29-ஆம் நாட் காலை மலை சரிந்து மூடியதே, அதில் வில்லனில்லையா? அது மண்சரிவு ஆபத்துள்ள இடமென்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தும் அம்மக்களுக்கு வேறு நிலம் கொடாதவர்கள் யார் என்று தேடிப் போகும் ஒரு கதாநாயகன் வேண்டாமா? அவன் கையில் துப்பாக்கி தேவைப்படாது; காணி உறுதிப் பத்திரம் ஒன்று போதும்.

எமது ஆசிரியர்மாருக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த தீபாவளி விடுமுறை முடிந்து மாணவர் வகுப்புக்கு வந்ததும், புதுப்படத்தின் கதையை ஒருவனைச் சொல்லச் சொல்லுங்கள். தடுக்காதீர்கள், சுவையாகவே சொல்வான். கதாநாயகன் எத்தனை பேரைக் கொன்றான் என்று கேளுங்கள். கணக்குத் தவறாமல் சொல்வான். கொல்லப்பட்டவர்களின் பெயரைக் கேளுங்கள். அவன் விழிக்கும்போது, பண்டாரவளைப் பாதையில் பிந்துனுவெவை என்று ஓரிடம் இருப்பதையும், 2000-ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு முதல் நாள் அங்கே என்ன நடந்தது என்பதையும் அவனுக்குச் சொல்லுங்கள்.